அல்லாடி ராமகிருஷ்ணன்

அல்லாடி ராமகிருஷ்ணன் (ஆகஸ்ட் 9, 1923 – ஜூன் 7, 2008) சென்னையைச் சேர்ந்த கணித இயற்பியலாளர். ‘மேட்சயன்ஸ்’ என்று அழைக்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தை 1962-ல் சென்னையில் நிறுவி, 1983 வரை அதன் இயக்குநராக இருந்தார். அண்டக் கதிர்கள் காற்றில் மோதிப் பொழிவாகப் பெருகும்போது துகள்களின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கணக்கிட ‘பெருக்க அடர்த்தி’ என்னும் கருத்தை உருவாக்கியது அவருடைய முதன்மையான அறிவியல் பங்களிப்பு. ஆய்வுக்கூடமோ நிதியோ இல்லாமல், வீட்டில் நடத்திய கருத்தரங்கு ஒன்றிலிருந்து தேசிய அளவிலான ஆய்வு நிறுவனத்தை உருவாக்கியது அவருடைய மற்றொரு பங்களிப்பு.

பிறப்பு, கல்வி

ராமகிருஷ்ணன் சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர். இந்திய அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். 

ராமகிருஷ்ணன் லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். தந்தையின் தொழிலை ஒட்டிச் சட்டமும் படித்தார். வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு ஓர் இடம் காத்திருந்தது. ஆனால் 1943-ல் சென்னையில் ஹோமி பாபா ஆற்றிய உரையைக் கேட்டபின் அவருடைய நாட்டம் கோட்பாட்டு இயற்பியல் பக்கம் திரும்பியது. 1947-ல் பம்பாயில் பாபா நடத்திவந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

பாபா கொடுத்த சிக்கல்

விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்துகொண்டிருக்கும் உயர் ஆற்றல் துகள்கள் அண்டக் கதிர்கள் எனப்படுகின்றன. அதிக ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் ஒன்று அணுக்கருவின் அருகே செல்லும்போது ஒளித்துகளை (ஃபோட்டானை) உமிழ்கிறது. அந்த ஃபோட்டான் வேறோர் அணுக்கருவின் அருகே எலக்ட்ரானும் பாசிட்ரானும் கொண்ட ஓர் இணையாக மாறுகிறது. அவை மீண்டும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. ஒன்று பலவாகி, ஆற்றல் பங்கு பிரிந்து தீரும் வரை பெருகும் இந்த நிகழ்வைத் துகள் பொழிவு என்பர். இதன் கோட்பாட்டைப் பாபாவும் வால்டர் ஹைட்லரும் 1937-ல் வெளியிட்டனர்.

குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்ட துகள்கள் சராசரியாக எத்தனை இருக்கும் என்பதை அந்தக் கோட்பாடு சொன்னது. ஆனால் ஒரே ஆற்றலுள்ள இரண்டு எலக்ட்ரான்கள் நுழைந்தாலும் இரண்டு பொழிவுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் சராசரியைவிட மிகுதியான துகள்களும் மற்றொன்றில் குறைவான துகள்களும் இருக்கலாம். அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அளவீட்டில் கிடைத்த எண்ணைக் கோட்பாட்டுடன் ஒப்பிட முடியும். பாபா ராமகிருஷ்ணனிடம் கொடுத்த சிக்கல் இதுதான்.

இதில் ஒரு கணிதத் தடை இருந்தது. ஆற்றல் என்பது தொடர்ச்சியான அளவு. வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக எண்ணுவதுபோல, ‘இந்த ஆற்றலில் எத்தனை துகள்கள்’ என்று எண்ண முடியாது. மிகத் துல்லியமாகக் குறிக்கப்பட்ட ஓர் ஆற்றலில் ஒரு துகள்கூட இருக்க வாய்ப்பில்லை. எண்ண வேண்டிய பெட்டிகளோ முடிவிலி.

ராமகிருஷ்ணன் 1949-ல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாளர் எம். எஸ். பார்ட்லெட்டிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். தன் தீர்வை 1950-ல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அதே ஆண்டில் பாபாவும் இச்சிக்கலுக்கான தன் அணுகுமுறையை வெளியிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையும் வெளிவந்தது. இந்த ஆய்வுக்காக ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் பெற்றார்.

பெருக்க அடர்த்தி

ராமகிருஷ்ணன் மிகச் சிறிய ஆற்றல் இடைவெளி ஒன்றை எடுத்துக்கொண்டார். இடைவெளி சிறுத்துக்கொண்டே போகும்போது அதில் ஒரு துகள் இருக்கும் நிகழ்தகவு அதே விகிதத்தில் குறைகிறது. ஆனால் இரண்டு துகள்கள் ஒருங்கே இருக்கும் நிகழ்தகவு அதன் வர்க்கத்தைப் போல மிக வேகமாகக் குறைகிறது. எனவே அதை விட்டுவிடலாம். அப்போது ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் இருப்பது ஒன்று அல்லது சுழி மட்டுமே. ஓர் இடைவெளியில் துகள் இருக்கும் அடர்த்தி முதல் வரிசைப் பெருக்க அடர்த்தி. வெவ்வேறு இரண்டு இடைவெளிகளில் ஒருங்கே துகள்கள் இருக்கும் அடர்த்தி இரண்டாம் வரிசைப் பெருக்க அடர்த்தி. மூன்று, நான்கு என்று இது நீளும்.

இதைப் புரிந்துகொள்ள அண்டக் கதிர்களுக்குப் போக வேண்டியதில்லை; திருப்பூர் பனியன் தொழிலில் அன்றாடம் புழங்கும் நூலே போதும். நூற்பாலையிலிருந்து கோன்களில் வரும் பருத்தி நூல் எங்கும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருக்கும்; சில இடங்களில் பஞ்சு முடிச்சுகள் இருக்கும். தரச் சோதனையில் ஒரு கிலோமீட்டர் நூலுக்கு இப்படிப்பட்ட பழுதுகள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். நீளம் தொடர்ச்சியான அளவு. பழுதுகள் அதன்மேல் விழும் புள்ளிகள். துகள் பொழிவில் ஆற்றல் எதுவோ அதுவே இங்கு நூலின் நீளம்.

கணக்கு எளிதாக இருக்க, இரண்டு நூல்களிலும் கிலோமீட்டருக்குச் சராசரியாக 2 பழுதுகள் என்று கொள்வோம். முதல் நூலில் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாம் நூலில் பழுதுகள் எப்போதும் அருகருகே இரண்டிரண்டாக வருகின்றன. அந்த இணைகள் தொடர்பின்றிச் சிதறிக் கிடக்கின்றன. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் 100 கிலோமீட்டர் எடுத்துப் பார்த்தால், முதல் நூலில் சுமார் 14 கிலோமீட்டரும் இரண்டாம் நூலில் சுமார் 37 கிலோமீட்டரும் பழுதே இல்லாமல் இருக்கும். இரண்டாம் நூலில் நல்ல பகுதி கூடுதல். கெட்ட பகுதியோ மேலும் கெட்டது.

இந்த வேறுபாட்டைச் சொல்வது இரண்டாம் வரிசைப் பெருக்க அடர்த்தி. ஒரு பழுது இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தொலைவில் இன்னொரு பழுது இருக்குமா என்பதை அது குறிக்கிறது. நூற்பு எந்திரத்தின் உருளை ஒன்று கோணலாக இருந்தால் பழுது சமமான இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வரும். அந்த நூலைப் பின்னினால் பழுதுகள் துணியில் ஒன்றுகூடி அலைக்கோடுகளாகக் கண்ணில் படும். கிலோமீட்டருக்கு இத்தனை என்னும் எண் மட்டும் இதை முன்கூட்டிக் காட்டாது. இணைகளின் கணக்கு காட்டும்.

ராமகிருஷ்ணனின் வாய்பாட்டைச் சொற்களில் இவ்வாறு கூறலாம்: எண்ணிக்கையின் வர்க்கத்தின் சராசரி = முதல் வரிசை அடர்த்தியின் கூட்டுத்தொகை + இரண்டாம் வரிசை அடர்த்தியின் கூட்டுத்தொகை. முதல் நூலுக்கு இது 2 + 4 = 6. இரண்டாம் நூலுக்கு 2 + 6 = 8. இரண்டிலும் சராசரியின் வர்க்கமான 4-ஐக் கழித்தால் மாறுபாடு முறையே 2, 4 என்று கிடைக்கும். அதாவது சராசரி மாறாதபோதே ஏற்றத்தாழ்வின் அளவு இரண்டு மடங்காகிறது. 

முதல் உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது இந்த முறையின் முக்கியமான இடம். வர்க்கம் எடுக்கும்போது ஒவ்வொரு பழுதையும் எல்லாப் பழுதுகளோடும் இணை சேர்க்கிறோம். அப்போது ஒரு பழுது தன்னோடு தானே சேரும் இணைகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. முதல் உறுப்பு அந்தத் தன்னிணைகளின் எண்ணிக்கை. மூன்றாம் அடுக்குக்குச் சென்றால் மூன்று உறுப்புகள் வரும். அவற்றின் கெழுக்கள் 1, 3, 1. நான்காம் அடுக்குக்கு 1, 7, 6, 1. இவ்வாறு எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான வாய்பாட்டை ராமகிருஷ்ணன் அளித்தார்.

பயனும் தொடர்ச்சியும்

விண்மீன் பரவலிலும் இதே வகையான சிக்கல் இருந்தது. பால்வெளியின் ஒளிர்வு திசைக்குத் திசை ஏறி இறங்குவதை சுப்பிரமணியன் சந்திரசேகரும் கைடோ மூஞ்சும் 1950-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். ராமகிருஷ்ணன் தன் முறைகளை அந்தச் சிக்கலுக்கும் பயன்படுத்திக் கட்டுரைகள் எழுதினார். ஜெர்மனியின் ஸ்ப்ரிங்கர் பதிப்பகம் வெளியிட்ட ‘ஹாண்ட்புக் டெர் பிசிக்’ என்னும் இயற்பியல் பெருந்தொகுப்பில், நிகழ்தகவு பற்றியும் நிகழ்தகவுச் செயல்முறைகள் பற்றியும் அவர் எழுதிய நெடுங்கட்டுரை 1959-ல் இடம்பெற்றது.

தொடர்ச்சியான நீளத்திலோ காலத்திலோ வெளியிலோ சிதறி விழும் நிகழ்வுகளை ஆராயும் துறை இன்று ‘புள்ளிச் செயல்முறைகள்’ எனப்படுகிறது. பெருக்க அடர்த்தி அத்துறையின் அடிப்படைக் கருவிகளில் ஒன்று. காடுகளில் மரங்களின் பரவல், நிலநடுக்கங்களின் வரிசை, நரம்புத் துடிப்புகள் ஆகியவற்றை ஆராய்வோர் இதைப் பயன்படுத்துகின்றனர். இத்துறையின் மற்றொரு வேர் ஜவுளித் தொழிலில் இருக்கிறது. ‘காக்ஸ் செயல்முறை’க்குப் பெயர் தந்த ஆங்கிலேயப் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1946 முதல் 1950 வரை லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றி, நூலின் சீரின்மையை அளக்கும் முறைகளை ஆராய்ந்தவர். அண்டக் கதிர்களிலிருந்தும் நூலிழையிலிருந்தும் தொடங்கிய இரண்டு பாதைகள் ஒரே கணிதத்தில் வந்து சேர்ந்தன.

ஏகாம்ர நிவாஸ் கருத்தரங்கு

இங்கிலாந்திலிருந்து திரும்பிய ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியரானார். அங்கே கோட்பாட்டு இயற்பியலில் ஆய்வு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1950-களின் நடுவில் ஜப்பானின் கியோட்டோவில் யுகாவாவின் ஆய்வு நிறுவனத்தைக் கண்டபின் துகள் இயற்பியலில் ஈடுபாடு கொண்டார். 1957-58-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் வருகை ஆய்வாளராக இருந்தார். அப்போது அதன் இயக்குநர் ராபர்ட் ஓப்பன்ஹைமர்.

பிரின்ஸ்டனில் அவரைக் கவர்ந்தது அங்கிருந்த கருத்தரங்கு முறை. வெளிவராத முடிவுகளைக்கூட அறிஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி விவாதித்தனர். அக்காலத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்கள் சென்னைக்குக் கப்பலில் வந்துசேரப் பல வாரங்கள் ஆகும். இதழில் படித்துத் தொடங்கும் மாணவர், அந்த ஆய்வு நடக்கும் இடத்தில் இருப்பவரைவிட எப்போதும் பின்தங்கியே இருப்பார். இந்த இடைவெளியைக் குறைக்க, சென்னைக்கு வரும் அறிஞர்களை மாணவர்களுடன் நேரில் பேச வைப்பதே வழி என்று ராமகிருஷ்ணன் கருதினார்.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் ‘கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு’ தொடங்கியது. மாணவர்கள் புதிய கட்டுரைகளைப் படித்து விளக்கினர். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு இயற்பியலாளர்கள் அங்கே விருந்தினராக வந்து உரையாற்றினர். முர்ரே கெல்மன், ரிச்சர்ட் டாலிட்ஸ் போன்றோர் அவர்களில் அடங்குவர். விருந்தோம்பல் செலவைக் குடும்பமே ஏற்றது. ராமகிருஷ்ணனின் மனைவி லலிதா விருந்தினர்களை வரவேற்று உபசரித்தார்.

1960-ன் தொடக்கத்தில் நீல்ஸ் போர் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் இக்குழுவினரைச் சந்தித்தார். பயணத்தின் முடிவில் செய்தியாளர்களிடம் பேசியபோது, பம்பாயில் பாபா உருவாக்கியிருந்த பெரிய நிறுவனத்தையும் சென்னையில் ராமகிருஷ்ணனைச் சுற்றியிருந்த சிறிய குழுவையும் சேர்த்துக் குறிப்பிட்டுப் பாராட்டினார். கட்டடமும் நிதியும் இல்லாத ஒரு குழு பற்றிய செய்தி இதன்மூலம் பிரதமர் நேருவின் கவனத்துக்குச் சென்றது.

கணித அறிவியல் நிறுவனம்

சென்னை மாநிலத்தின் கல்வி, நிதித் துறைகளின் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் இந்த முயற்சிக்குத் துணை நின்றார். கொங்கு நாட்டில் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சுப்பிரமணியம் இயற்பியல் படித்தவர். பின்னாளில் பசுமைப் புரட்சியை முன்னெடுத்த மத்திய அமைச்சராக அறியப்பட்டவர். 1961 அக்டோபரில் நேரு சென்னை வந்தபோது, ராமகிருஷ்ணனும் மாணவர்களும் ஆளுநர் மாளிகையில் அவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். மாணவர்களிடம் பேசிய நேரு, நிறுவனம் அமைக்க ஒப்புதல் தந்தார்.

மூன்று மாதங்களுக்குள், 1962 ஜனவரி 3 அன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் விழாவில் கலந்துகொண்டார். மாநிலக் கல்லூரி அவர் படித்த கல்லூரியும்கூட. இந்நிறுவனம் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்தது.

நிறுவனத்தின் நடைமுறை ஏகாம்ர நிவாஸ் கருத்தரங்கின் வழியிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் நடந்த கருத்தரங்குகளுக்கு வெளிநாட்டு அறிஞர்கள் வந்தனர். அந்த உரைகளின் தொகுப்புகள் நியூயார்க்கின் பிளீனம் பதிப்பகத்தால் 10 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மாணவர்கள் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களுக்குச் செல்லவும் இந்தத் தொடர்புகள் வழிவகுத்தன.

1983-ல் ராமகிருஷ்ணன் ஓய்வு பெற்றபின் இ. சி. ஜி. சுதர்சன் இயக்குநரானார். இன்று இந்நிறுவனம் இந்திய அணுசக்தித் துறையின் நிதியுதவியில் இயங்குகிறது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கோட்பாட்டுக் கணினியியல், கணிப்பிய உயிரியல் ஆகிய துறைகளில் ஆய்வு நடைபெறுகிறது.

அணிகள் பற்றிய ஆய்வு

1960-களின் பிற்பகுதியிலிருந்து ராமகிருஷ்ணன் அணிக் கோட்பாட்டில் ஈடுபட்டார். எலக்ட்ரானை விவரிக்கும் டிராக் சமன்பாட்டில் வரும் அணிகளை வர்க்கப்படுத்தினால் அலகு அணி கிடைக்கும். இரண்டு அணிகளைப் பெருக்கும் வரிசையை மாற்றினால் குறி மாறும். குறி மாற்றத்துக்குப் பதிலாக, ஒன்றின் n-ஆம் மூலத்தால் பெருக்கப்படும் அணிகளை எடுத்துக்கொண்டால் ‘பொதுமைப்படுத்தப்பட்ட கிளிஃபோர்டு இயற்கணிதம்’ கிடைக்கிறது. இத்தகைய அணிகளை சில்வெஸ்டரும் ஹெர்மன் வைலும் முன்னரே அறிந்திருந்தனர். ராமகிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் இவற்றை முறையாக உருவாக்கும் வழிகளை வகுத்து, துகள் இயற்பியலில் பயன்படுத்த முயன்றனர். 

இந்த முயற்சி துகள் இயற்பியலின் முதன்மைப் போக்காக ஆகவில்லை. ஆனால் அதே அணிகள் இன்று குவாண்டம் தகவலியலில், இரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் கொண்ட குவாண்டம் அலகுகளைக் கையாள அன்றாடம் பயன்படுகின்றன.

மாணவர்கள்

ராமகிருஷ்ணனின் மாணவர்கள் பலர் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பேராசிரியர்களாயினர். எஸ். கே. சீனிவாசன் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றி, புள்ளிச் செயல்முறைகள் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். பி. எம். மேத்யூஸ், கே. வெங்கடேசன் இருவரும் சேர்ந்து எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்களால் படிக்கப்பட்டது. ஏ. பி. பாலச்சந்திரன் அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வி. தேவநாதன், ஆர். வாசுதேவன், என். ஆர். ரங்கநாதன், டி. எஸ். சந்தானம், ஆர். ஜெகந்நாதன் ஆகியோரும் அவரிடம் பயின்றவர்கள்.

கோட்பாட்டு இயற்பியலில் பெண்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் டி. கே. ராதா, ஜி. பாமதி, ஆர். துங்கா ஆகியோர் இக்குழுவில் ஆய்வு செய்தனர். ராதா ஓப்பன்ஹைமரின் அழைப்பில் 1965-66-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார்.

மறைவு, நினைவு

ராமகிருஷ்ணன் 2008 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கெயின்ஸ்வில் நகரில் காலமானார். அவருடைய மகன் கிருஷ்ணசாமி அல்லாடி எண் கோட்பாட்டு அறிஞர். ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர். ‘ராமானுஜன் ஜர்னல்’ ஆய்விதழைத் தொடங்கியவர். ராமகிருஷ்ணனின் நினைவாகக் கணித அறிவியல் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை ஸ்ப்ரிங்கர் பதிப்பகம் 2010-ல் வெளியிட்டது. கணித அறிவியல் நிறுவனத்தின் கருத்தரங்கக் கூடம் ஒன்று அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

மதிப்பீடு

சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன், சந்திரசேகர் போன்ற இயற்பியலாளர்கள் சென்னையில் படித்துவிட்டு, தங்கள் முதன்மையான ஆய்வுகளை வேறு இடங்களில் செய்தவர்கள். மாநிலத்துக்குள்ளேயே இருந்துகொண்டு உலகத்தரமான கோட்பாட்டு ஆய்வு செய்ய இடம் இருக்க வேண்டும் என்பது ராமகிருஷ்ணன் எடுத்துக்கொண்ட பணி. கோட்பாட்டு இயற்பியலுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. சரியான கேள்வியை உரிய காலத்தில் கேட்கும் சூழல் தேவை. அந்தச் சூழலை அவர் உரையாடல் மூலம் உருவாக்கினார். 

நிறுவனத்துக்கு நேரம் அளித்ததால் அவருடைய சொந்த ஆய்வில் 1950-ன் கட்டுரைக்கு இணையான தாக்கமுள்ள இன்னொன்று அமையவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் உருவாக்கிய நிறுவனத்தில் இன்றும் மாணவர்கள் சேர்கின்றனர். அவர் வகுத்த பெருக்க அடர்த்தி, அதை உருவாக்கியவர் யார் என்று அறியாதவர்களின் கணக்குகளிலும் இடம்பெறுகிறது.

நூல்கள்

- எலிமென்டரி பார்ட்டிக்கிள்ஸ் அண்ட் காஸ்மிக் ரேஸ் (1962): அடிப்படைத் துகள்களையும் அண்டக் கதிர்களையும் பற்றிய நூல்
- எல்-மேட்ரிக்ஸ் தியரி ஆர் த கிராமர் ஆஃப் டிராக் மேட்ரிசஸ் (1972): டிராக் அணிகளின் இலக்கணம்
- த அல்லாடி டைரி: வாழ்க்கைக் குறிப்புகள்